காசு கைமாறினால் வரி உண்டா? நாணயச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நாணயச் சேகரிப்பாளர்களுக்கும் நாணயவியல் கழக உறுப்பினர்களுக்கும்,

சேகரித்து வைத்த நாணயத்தை விற்றுக் கிடைக்கும் லாபம், இந்திய வருமான வரிச் சட்டத்தின்படி மூலதன ஆதாயம். பொழுதுபோக்குக்கென்று சட்டத்தில் தனி விலக்கு இல்லை. பழைய காசுக்கென்று தனி விகிதமும் இல்லை. கண்காட்சி ஸ்டால்களில் அடிக்கடி காதில் விழும் “ஹாபிதானே, இதுக்கு என்ன டாக்ஸ்?” என்ற பேச்சுக்கு எந்தப் பிரிவிலும் ஆதாரம் கிடையாது. அதே சமயம், விற்ற தொகை முழுவதற்கும் வரி விழும் என்று பயந்து ஆல்பத்தைப் பூட்டி வைக்கவும் வேண்டியதில்லை. வாங்கிய விலையும் விற்ற செலவும் போக மிஞ்சுவதற்கு மட்டுமே வரி. ஆகவே ஒரு காசுக்கு எவ்வளவு வரி என்பது, அது எப்போது, யாரிடமிருந்து, என்ன விலைக்குக் கைக்கு வந்தது என்று காட்ட முடிகிறதா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது.

வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் துணிமணி, மேசை நாற்காலி, பாத்திரம் போன்றவற்றை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நாணயமும் அந்த வகைதானே என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தோல்பூர் மகாராஜா ராணா ஹேமந்த் சிங், தம்மிடமிருந்த பொற்காசுகளையும் வெள்ளி ரூபாய்களையும் விற்றார். மகாலட்சுமி பூஜையில் வைத்து வழிபட்டவை, ஆகவே சொந்த உபயோகப் பொருள்கள் என்பது அவர் தரப்பு வாதம். 1976-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உடுப்பது, உட்காருவது போல ஒருவரோடு நெருக்கமாகவும் வழக்கமாகவும் புழங்கும் பொருளே சொந்த உபயோகப் பொருள்; எப்போதாவது பூஜையில் வைப்பது அதற்குப் போதாது என்றது. பூஜைக்காசுக்கே இந்த நிலை என்றால், பிளாஸ்டிக் ஹோல்டரில் போட்டு அலமாரியில் வைத்த காசைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் மேலாக, நகை ஏற்கெனவே இந்த விலக்குக்கு வெளியே இருந்தது. 2007-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் தொல்பொருள் சேகரிப்பு, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் ஆகியவற்றையும் வெளியே தள்ளிவிட்டது. பாட்டியின் காசுமாலையிலிருந்து கழற்றி விற்கும் விக்டோரியா பவுனுக்கும் விலக்கு கிடைக்காது.

வரியின் அளவு, காசை வைத்திருந்த காலத்தைப் பொறுத்தது. 2024 ஜூலை 23-க்கு முன்பு 36 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் நீண்டகால ஆதாயம். அதற்குப் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீத வரி. அன்றிலிருந்து வரம்பு 24 மாதமாகக் குறைந்தது, விகிதம் 12.5 சதவீதமாக இறங்கியது, பணவீக்கச் சரிக்கட்டல் போய்விட்டது. 24 மாதத்துக்குள் விற்றால் குறுகியகால ஆதாயம். அது சம்பளம், பென்ஷன், வட்டி ஆகியவற்றோடு சேர்ந்து அவரவர் வரி அடுக்குப்படி வரிக்கு உள்ளாகும். பங்குச் சந்தையில் நீண்டகால ஆதாயத்துக்குக் கிடைக்கும் ரூ.1.25 லட்சம் விலக்கு நாணயத்துக்குப் பொருந்தாது. இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஐந்தாம் ஜார்ஜ் உருவம் பொறித்த 1911 வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்ளலாம். அரசரின் அங்கியில் தொங்கும் யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியதால் அது திரும்பப் பெறப்பட்டு, யானையின் உருவைத் திருத்தி 1912-இல் புதிய ரூபாய் வந்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் அதைப் பன்றி ரூபாய் என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஒருவர் 2012-இல் ஏலத்தில் ரூ.3,000-க்கு அதை எடுத்து, வாங்குவோர் கமிஷனாக ரூ.300 கட்டினார் என்றும், 2025 ஆகஸ்டில் அதே காசு ஏலத்தில் ரூ.18,000-க்குப் போய், ஏல நிறுவனம் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டது என்றும் வைத்துக்கொள்வோம். வாங்கிய விலை கமிஷனோடு சேர்த்து ரூ.3,300. விற்ற செலவு ரூ.1,800. ஆதாயம் ரூ.12,900. அதற்கு 12.5 சதவீதமும், அந்த வரியின் மேல் நான்கு சதவீதச் செஸ்ஸும் சேர்த்தால் ரூ.1,677. அன்றைய பில் தொலைந்துபோய், வாங்கிய விலையை அதிகாரி ஏற்க மறுத்தால் வரி ரூ.2,106 ஆகும். ஒரு காசில் இந்த வித்தியாசம் சின்னதுதான். முப்பது ஆண்டுச் சேகரிப்பை ஒரே நாளில் கைமாற்றும்போது இதுவே லட்சங்களாக வளரும்.

பென்ஷன்காரர்களுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் மொத்த வருமானம் ரூ.12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடுகிறது. ஆனால் அந்தத் தள்ளுபடி, 12.5 சதவீதம் போன்ற சிறப்பு விகித வருமானத்துக்குப் பொருந்தாது. வரிக்குரிய பென்ஷன் ரூ.9 லட்சம் வாங்குபவர், பல ஆண்டு வைத்திருந்த காசுகளை விற்று ரூ.40,000 ஆதாயம் கண்டால், பென்ஷனுக்கு வரி இல்லை. காசுக்கு மட்டும் செஸ்ஸோடு ரூ.5,200 கட்ட வேண்டும். அவரே அந்தக் காசுகளை வாங்கி ஒரு வருடத்தில் விற்றிருந்தால், அது அடுக்கு விகித வருமானம் என்பதால் தள்ளுபடிக்குள் அடங்கி, ஒரு ரூபாய்கூட வரி வராது. பொறுமையாக வைத்திருந்தவருக்கு வரியும் அவசரமாக விற்றவருக்குச் சலுகையும் என்ற இந்த விநோதம் சட்டம் வகுத்தவர்கள் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது. வேறு வருமானமே இல்லாத இல்லத்தரசியின் நிலை வேறு. அடிப்படை வரம்பான ரூ.4 லட்சத்தில் மீதி இருக்கும் அளவுக்கு, இந்தியாவில் வசிப்பவர் தம் நீண்டகால ஆதாயத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காசுகள் கணவர் பரிசாகக் கொடுத்தவை என்றால், ஆதாயம் கணவரின் வருமானத்தோடுதான் சேரும்.

பரம்பரையாக வந்த காசுகள் பற்றிய குழப்பம்தான் அதிகம். இந்தியாவில் மரணச் சொத்து வரி 1985-இலேயே ஒழிந்தது. செல்வ வரியும் 2015 நிதிச் சட்டத்தோடு போனது. ஆகவே தாத்தாவின் பெட்டி பேரனுக்கு வந்த நாளில் எந்த வரியும் இல்லை. பேரன் விற்கும் நாளில்தான் கணக்கு தொடங்குகிறது. அப்போது தாத்தா கொடுத்த விலையே பேரனின் விலை. தாத்தா வைத்திருந்த காலமும் பேரனின் காலத்தோடு சேரும். அதனால் போன மாதம் கைக்கு வந்த காசும் நீண்டகாலச் சொத்தாகவே எண்ணப்படும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் குடும்பத்துக்கு வந்த காசு என்றால், தாத்தா கொடுத்த எட்டணாவுக்குப் பதிலாக, அந்தத் தேதியில் சந்தையில் அதற்கு என்ன விலையோ அதையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. பவுனுக்கும் சாதாரண வெள்ளி ரூபாய்க்கும் இது எளிது. விக்டோரியா பவுனில் 7.32 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. 1940-க்கு முந்திய பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம் எடையில் 91.7 சதவீத வெள்ளி. 2001 ஏப்ரல் தொடக்கத்தின் தங்க, வெள்ளி விலையை எடுத்துப் பெருக்கினால் குறைந்தபட்ச மதிப்பு கிடைத்துவிடும். அரிய காசுக்கு உலோக மதிப்பு போதாது. அந்தக் காலத்து ஏலப் பட்டியல், விலைப்பட்டியல், அல்லது மதிப்பீட்டாளரின் சான்று தேவை. கழக நூலகங்களில் தூசி படிந்து கிடக்கும் 2000, 2001-ஆம் ஆண்டு ஏலப் பட்டியல்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருப்பது உறுப்பினர்களுக்குப் பெரிய உபகாரம்.

உறவினர் அல்லாதவரிடமிருந்து பரிசாக வந்தால் கதை மாறுகிறது. ஒரு நிதியாண்டில் அப்படி வரும் குறிப்பிட்ட வகைப் பொருள்களின் மதிப்பு ரூ.50,000-ஐத் தாண்டினால், முழு மதிப்பும் வாங்கியவரின் வருமானம். அந்த வகைகளின் பட்டியலில் நாணயம் என்ற பெயர் இல்லை. ஆனால் தங்கம், வெள்ளிக் கட்டிகளும் தொல்பொருள் சேகரிப்பும் இருக்கின்றன. பொற்காசை முதலாவதிலும் சோழர் காசை இரண்டாவதிலும் அதிகாரி சேர்க்கப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பதே விவேகம். பிள்ளையில்லாத மூத்த சேகரிப்பாளர் தம் ஆல்பங்களைச் சீடர் ஒருவருக்குத் தர நினைத்தால், உயில் எழுதி வைப்பது நல்லது. உயில் வழியாக வருவதற்கு உறவு முறை பார்க்காமலேயே விலக்கு உண்டு. நிலத்தில் தோண்டும்போது கிடைத்த காசுகள் இந்தக் கணக்கிலேயே வராது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதை வாங்கியவருக்கும் வில்லங்கம்தான்.

மாதக் கூட்டங்களில் நடக்கும் காசு மாற்றுக்கு வரி இல்லை என்ற எண்ணம் மிகப் பரவலானது. பணம் கைமாறவில்லை, ஆகவே விற்பனையும் இல்லை என்பது அதன் வாதம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. சொத்து மாற்றம் என்பதன் இலக்கணத்தில் விற்பனைக்கு அடுத்தபடியாகவே பரிவர்த்தனையும் எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்த காசுக்குப் பதில் கிடைத்த காசின் சந்தை மதிப்பே விற்ற விலை. 2015-இல் ரூ.6,000-க்கு வாங்கிய தரங்கம்பாடி டேனிஷ் காசுகளைக் கொடுத்து, நான்காம் வில்லியம் உருவம் பொறித்த 1835 ரூபாய் ஒன்றை ஒருவர் வாங்குகிறார். அதன் அன்றைய மதிப்பு ரூ.15,000 என்று வைத்துக்கொண்டால், அவருக்கு ஆதாயம் ரூ.9,000. மேற்கொண்டு ரூ.2,000 ரொக்கமும் கிடைத்தால் ஆதாயம் ரூ.11,000. எதிர்த் தரப்பாரும் தம் பங்குக்கு இதேபோல் கணக்குப் போட வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், வில்லியம் ரூபாயின் வாங்கிய விலை இனி ரூ.15,000. பின்னால் ரூ.20,000-க்கு விற்றால் ரூ.5,000-க்குத்தான் வரி, 24 மாதக் கணக்கும் மாற்றிக்கொண்ட நாளிலிருந்தே ஓடும். மாற்றைக் கணக்கில் காட்டாமல் விட்டவர் இந்த ரூ.15,000-ஐப் பின்னால் நிரூபிக்க முடியாமல் திண்டாடுவார்.

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் தேதி, இரு காசுகளின் விவரம், எடை, ஒத்துக்கொண்ட மதிப்பு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டால் போதும். இரண்டு நகலிலும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மதிப்பே சொல்ல முடியாத அபூர்வக் காசு என்றால், கொடுத்த காசின் அன்றைய நியாயமான சந்தை மதிப்பை விற்ற விலையாகக் கொள்ளச் சட்டம் வழி சொல்கிறது.

மொத்தமாக வாங்கிய லாட் தனிச் சிக்கல். புதுக்கோட்டை அம்மன் காசு, ராஜராஜன் செப்புக்காசு, இன்னதென்று தெரியாத தேய்ந்த செம்பு என்று ஐம்பது காசுகள் கலந்த பொட்டலம் ஒன்றை ரூ.5,000-க்கு வாங்கினால், ஒவ்வொன்றுக்கும் ரூ.100 என்று சமமாகப் பிரிப்பது சுலபம். ஆனால் உண்மைக்குப் பொருந்தாது. அதில் நல்ல நிலையிலுள்ள நான்கு காசுகளுக்காகத்தான் பொட்டலமே வாங்கப்பட்டிருக்கும். வாங்கிய அன்றே, அன்றைய சந்தை மதிப்பின் விகிதத்தில் விலையைப் பிரித்துக் கவர்மேல் எழுதிவிட்டால் பிறகு யாரும் குறை சொல்ல இடமில்லை. விற்கும்போது லாபத்துக்கு ஏற்றபடி பிரிப்பதைத்தான் கேள்வி கேட்பார்கள். நாணயச்சாலையிலிருந்து நேரடியாக வாங்கும் நினைவு நாணயங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியிட்ட நாட்டின் முதல் 1,000 ரூபாய் நாணயத்தை அன்று முன்பதிவு செய்து வாங்கியவர், அந்தப் பில்லை நாணயப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் காரியம் முடிந்தது.

சேகரிப்பு எங்கே முடிந்து வியாபாரம் எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சட்டத்தில் எண்ணிக்கை வரம்பு இல்லை. கோவை பீளமேட்டில் ஓர் ஆலைக்குப் பக்கத்து நிலத்தை வாங்கிச் சில ஆண்டு கழித்து அந்த ஆலைக்கே விற்ற வெங்கடசாமி நாயுடு நிறுவனத்தின் வழக்கில், 1958-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்களே இன்றும் பேசப்படுகின்றன. வாங்கும்போதே விற்கும் நோக்கம் இருந்ததா, வைத்திருந்து அனுபவிக்கும் எண்ணம் இருந்ததா, பொருளின் தன்மை என்ன, அளவு என்ன, எத்தனை முறை நடந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆல்பத்தில் இரட்டையாக இருப்பதை விற்று இல்லாததை வாங்குபவர் சேகரிப்பாளர். கண்காட்சிதோறும் ஸ்டால் போட்டு, கிலோக் கணக்கில் வாங்கிப் பிரித்து, வாட்ஸ்அப் குழுவில் தினமும் விலை போடுபவர் தம்மை எப்படி அழைத்துக்கொண்டாலும் வியாபாரிதான். வியாபார லாபத்துக்கு அடுக்கு விகித வரி; ஸ்டால் வாடகை, ரயில் கட்டணம், பேக்கிங் செலவு எல்லாம் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு விற்பனை ரூ.2 கோடிக்குள் இருக்கும் சிறு வியாபாரி, கணக்குப் புத்தகம் இல்லாமலேயே விற்பனையில் எட்டு சதவீதத்தை லாபமாகக் காட்டிவிடும் உத்தேச லாப முறையும் உண்டு. வங்கி, யுபிஐ வழியாக வந்த தொகைக்கு ஆறு சதவீதம் போதும்.

ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம். பங்குகள் விஷயத்தில் முதலீட்டுக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று என இரு தொகுப்பு வைத்திருக்கலாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2007-இல் சுற்றறிக்கையே விட்டது. நாணயத்துக்கும் அதே நியாயத்தைக் கேட்கலாம். ஆல்பமும் கடைச் சரக்கும் தனித்தனிப் பதிவேட்டில் இருப்பது அதற்கு முதல் தேவை. ஆல்பத்துக் காசைக் கடைக்கு மாற்றினால், மாற்றிய நாள் வரையிலான உயர்வு மூலதன ஆதாயம், அதற்குப் பிந்தியது வியாபார லாபம். இரண்டுக்கும் வரி, காசு விற்ற ஆண்டில்தான்.

ஜிஎஸ்டி, வியாபாரத்தின் போக்கில் நடக்கும் விற்பனைக்கு மட்டுமே. பழைய நகையைத் தனிநபர் நகைக்கடைக்கு விற்பது வியாபாரம் ஆகாது, அதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2017 ஜூலையில் நிதி அமைச்சகம் விளக்கியது. சொந்தச் சேகரிப்பை விற்பவருக்கும் அந்தத் தர்க்கம் பொருந்தும். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தில் வியாபாரம் என்பதன் வரையறை மிக அகலமானது. அடிக்கடி நடக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. பண்டமாற்றும் அதில் விற்பனையே. வியாபாரிக்குத் தமிழ்நாட்டில் பொருள் விற்பனை ஆண்டுக்கு ரூ.40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆனால் சரக்கை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் அந்த வரம்பே செல்லாது. பதிவு பெற்ற வியாபாரி, பழைய காசை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். உள்ளீட்டு வரிச் சலுகையை அப்போது கேட்கக் கூடாது.

பெரிய தொகை வரும் இடத்தில் வேறு விதிகளும் குறுக்கே வருகின்றன. ஒரே ஆளிடம் ஒரே நாளில், அல்லது ஒரே பேரத்துக்காக, ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய அளவு முழுவதும் அபராதம், அதுவும் பணம் வாங்கியவர் தலையில். இரண்டு தவணையாக ஒன்றரை ஒன்றரை லட்சம் வாங்கினாலும் பேரம் ஒன்றுதான். 2025 ஏப்ரல் 22 முதல், ரூ.10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள சில ஆடம்பரப் பொருள்களுக்கு விற்பவர் ஒரு சதவீதம் வரி வசூலிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் கைக்கடிகாரம், பந்தயக் குதிரையோடு நாணயமும் தபால்தலையும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. வசூலிக்கும் பொறுப்பு பெரிய வியாபாரிகளுக்கே, சாதாரணச் சேகரிப்பாளருக்கு இல்லை. வாங்குபவர் கட்டிய அந்த ஒரு சதவீதம் வீணாகாது, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ஆன்லைன் தளம் வழியாக விற்றால் தளம் 0.1 சதவீதம் பிடிக்கும். ஆண்டு விற்பனை ரூ.5 லட்சத்துக்குள் இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் தனிநபருக்கு அதுவும் இல்லை.

வரியோடு சேர்த்துச் சொல்லாமல் விட முடியாதது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறு ஆண்டைக் கடந்த நாணயம் தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதை வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும். இந்தக் கோடு ஆண்டுதோறும் நகர்கிறது. 1920-களின் தொடக்கத்து ஜார்ஜ் ரூபாய்கள் அதைத் தாண்டிவிட்டன. சிங்கப்பூரிலிருக்கும் நண்பர் நல்ல விலை தருகிறார் என்று ராஜராஜன் காசைத் தபாலில் போட்டால், வரி கட்டினாலும் குற்றம் குற்றமே. இன்னொரு புறம், உங்கள் பழைய ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம் தருகிறோம், முதலில் வரியை மட்டும் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்தது. விற்பதற்கு முன்பாக விற்பவரிடம் வசூலிக்கும் வரி என்று எதுவும் இல்லை.

ரிட்டர்ன் விஷயத்தில் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவத்தில் நாணய ஆதாயத்தைக் காட்ட இடமில்லை. ஒரே ஒரு காசு விற்றிருந்தாலும் ஐடிஆர்-2, வியாபாரம் என்றால் ஐடிஆர்-3 அல்லது உத்தேச லாப முறைக்கு ஐடிஆர்-4. நஷ்டத்தையும் காட்டுவது லாபம். போலி என்று தெரிந்து குறைந்த விலைக்குத் தள்ளிவிட்ட காசின் நீண்டகால நஷ்டத்தை வேறு நீண்டகால ஆதாயத்தில் கழிக்கலாம்; கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் எட்டு ஆண்டு வரை கொண்டு போகலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்டிருப்பதால், பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் பேசும்போது பழைய எண்ணைச் சொல்வதைவிடப் பரிவர்த்தனையை விவரித்துச் சொல்வதே மேல். ஆண்டு வரி ரூ.10,000-ஐத் தொட்டால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். 60 வயதைக் கடந்த, வியாபார வருமானம் இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் ரிட்டர்ன் போடும்போது சேர்த்துக் கட்டினால் போதும்.